ஒன்ராறியோவில் புதிய ட்ரக் சாரதி: ஸ்கூல், ஓரியென்டேஷன், கோச் பயிற்சி, ஒவ்வொரு படியாக

ஒன்ராறியோவில் ஏஸெட் (ட்ரெயிலர் பூட்டிய, எயார் பிரேக் உள்ள ட்ரக் ஓடும் லைசென்ஸ்) எடுக்க நினைப்பவர்களில் பலர் முதலில் போவது ட்ரெயினிங் ஸ்கூலுக்கு. காசு கட்டி, ஓடிப் பழகி, லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் வேலை தேடத் தொடங்குகிறார்கள். அப்போது போகும் இடமெல்லாம் ஒரே கேள்வி: "இரண்டு வருஷ அனுபவம் இருக்கா?" கேட்பவர் முதலாளியாக இருந்தாலும், கேட்க வைப்பது இன்சூரன்ஸ். சிறிய கொம்பனிகளின் இன்சூரன்ஸ் பொலிசியில் புதிய சாரதியைச் சேர்ப்பது கடினம். சேர்த்தாலும் செலவு அதிகம். ஆகவே கீழே உள்ள ஒழுங்கு வழக்கத்துக்குத் தலைகீழாகத்தான் தொடங்குகிறது.

1. ஸ்கூலுக்கு முன் கொம்பனியைத் தேடுங்கள்

புதியவர்களை எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கும் கொம்பனிகள் பெரும்பாலும் பெரியவை. அவற்றில் மூன்று நான்கு இடங்களுக்குப் போன் செய்து, சாரதிகளை எடுக்கும் பகுதியிடம் இவற்றைக் கேளுங்கள்:

- அனுபவம் இல்லாதவர்களை எடுக்கிறீர்களா? எந்த ஸ்கூல்களில் படித்தவர்களை எடுக்கிறீர்கள்?
- கியர் வண்டியில் பரீட்சை கொடுத்திருக்க வேண்டுமா, ஓட்டோமேட்டிக் போதுமா?
- அமெரிக்கா போக முடியாதவருக்கு வேலை இருக்கிறதா?
- கோச்சோடு (பக்கத்தில் இருந்து பழக்கும் அனுபவமுள்ள சாரதி) எத்தனை கிழமை? அந்தக் காலத்துக்குச் சம்பளம் எப்படி?

இரண்டாவது கேள்வியை லேசாக விடாதீர்கள். ஓட்டோமேட்டிக் வண்டியில் வீதிப் பரீட்சை கொடுத்தால், கியர் வண்டி ஓடக் கூடாது என்ற கட்டுப்பாடு லைசென்ஸில் விழும். அதை எடுக்க மறுபடியும் பரீட்சை. பெரிய கொம்பனிகளின் வண்டிகள் இப்போது பெரும்பாலும் ஓட்டோமேட்டிக்தான் என்பது உண்மை. ஆனால் கல், மண் ஏற்றும் டம்ப் வேலைகளிலும் பழைய வண்டி வைத்திருக்கும் இடங்களிலும் கியர் இன்னும் கேட்கப்படுகிறது.

2. ஜி லைசென்ஸும் மருத்துவப் படிவமும்

ஏஸெட்டுக்கு முழு ஜி (சாதாரண கார் லைசென்ஸ்) வேண்டும். ஜி-2 போதாது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். இலங்கையிலோ இந்தியாவிலோ வைத்திருந்த கனரக வாகன லைசென்ஸை இங்கே நேரடியாக மாற்ற முடியாது. ஆனால் அந்த அனுபவம் ஜி எடுக்கும் காலத்தைக் குறைக்கும். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தை ரொறன்ரோவிலுள்ள உங்கள் நாட்டுத் துணைத் தூதரகத்திலிருந்து வாங்கினால், எழுத்துப் பரீட்சைக்குப் பிறகு நேரே ஜி வீதிப் பரீட்சைக்குப் போகலாம். கடிதம் இல்லாமல் வாயால் சொல்லும் அனுபவம் கணக்கில் வராது.

மருத்துவப் படிவத்தை டிரைவ்டெஸ்ட் நிலையத்தில் வாங்கி, குடும்ப வைத்தியரிடம் நிரப்ப வேண்டும். இதற்கான காசை மாகாண மருத்துவக் காப்பான ஓஹிப் கொடுக்காது. உங்கள் கைக்காசுதான், இடத்தைப் பொறுத்து 100 முதல் 200 டொலர் வரை. 46 வயதுக்குக் கீழே ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, 46 முதல் 64 வரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை, 65 ஆனதும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள், வலிப்பு உள்ளவர்கள், காது கேட்பது குறைந்தவர்கள் காசு கட்டும் முன்னரே வைத்தியரிடம் பேசிவிடுங்கள். கனடாவுக்குள் ஓட அனுமதி கிடைத்தாலும் லைசென்ஸில் டபிள்யூ என்ற குறி விழலாம். அது விழுந்தால் அமெரிக்காவுக்குள் வர்த்தக வண்டி ஓட முடியாது.

3. எழுத்துப் பரீட்சை

ட்ரக்குக்கு ஒன்று, எயார் பிரேக்குக்கு ஒன்று. தேர்ச்சிக்கு 80 வீதம். ஜி-1 ஐத் தமிழில் எழுதியவர்கள் இதையும் தமிழில் எழுதலாம் என்று நம்பிப் போக வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதத் தயாராகுங்கள். மாகாண அரசின் ட்ரக் கைநூலும் எயார் பிரேக் கைநூலும்தான் படிக்க வேண்டியவை. வாட்ஸ்அப்பில் சுற்றும் கேள்வித்தாள்களை மனப்பாடம் செய்தவர்கள் எயார் பிரேக்கில்தான் விழுகிறார்கள்.

எயார் பிரேக்கில் எண்கள் மனதில் பதிய வேண்டும். என்ஜின் ஓடும்போது காற்றழுத்தம் 85 இலிருந்து 100 பி.எஸ்.ஐ.க்கு இரண்டு நிமிடத்துக்குள் ஏற வேண்டும். பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி ஒரு நிமிடம் பார்த்தால், ட்ரெயிலர் பூட்டிய வண்டியில் 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. அழுத்தம் 55க்கு இறங்குவதற்குள் எச்சரிக்கை மணியோ விளக்கோ வர வேண்டும். இதே சோதனையை வீதிப் பரீட்சையிலும், பிறகு கொம்பனியின் சோதனை ஓட்டத்திலும் உங்கள் வாயால் சொல்லிக்கொண்டே செய்து காட்ட வேண்டியிருக்கும்.

4. ஸ்கூலைத் தெரிவு செய்தல்

2017 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் ஏ வகுப்புப் பரீட்சைக்குப் போகுமுன் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். இதை மெல்ட் என்பார்கள். வகுப்பறையில் 36.5, யார்டில் 17, வண்டிக்குள் 50 மணித்தியாலம். முழுநேரமாகப் போனால் நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஐயாயிரம் டொலரிலிருந்து பத்தாயிரம் வரை கேட்கிறார்கள்.

விலை மலிவாக இருக்கும் இடத்தில் எதைக் குறைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் குறைவது ஸ்டியரிங் பிடிக்கும் நேரம். ஒரு வண்டியில் நான்கு மாணவர்களை ஏற்றி, ஒருவர் ஓட மூவர் பின்னால் இருந்து பார்ப்பதையும் "வண்டிக்குள் பயிற்சி" என்று எழுதிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: எனக்கு மட்டும் ஸ்டியரிங்கில் எத்தனை மணித்தியாலம், எயார் பிரேக் வகுப்பு இந்தக் கட்டணத்துக்குள் வருமா, பரீட்சைக்கு வண்டி தருவதற்குத் தனிக் காசு உண்டா, முதல் தடவை தவறினால் இரண்டாம் தடவைக்கு எவ்வளவு. ஓடாத மணித்தியாலத்துக்கு ஒருநாளும் கையெழுத்து வைக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம் என்பதோடு, அந்தக் குறை பிறகு கொம்பனியின் சோதனை ஓட்டத்தில் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

ஸ்கூல் மாகாணத்தில் பதிவு செய்த கரியர் கொலேஜா (தனியார் தொழிற்கல்லூரி) என்று அரசின் இணையப் பட்டியலில் பாருங்கள். பதிவான இடமென்றால், ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து இரண்டு நாளுக்குள் எழுத்தில் அறிவித்து விலகினால் முழுக் காசும் திரும்ப வரும்.

வேலை இழந்தவர்களும் வருமானம் குறைந்த குடும்பத்தவர்களும் பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ திட்டத்தில் பயிற்சிச் செலவுக்கு உதவி கேட்கலாம். எம்ப்ளோய்மென்ட் ஒன்ராறியோ நிலையங்களில் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வர சில கிழமைகள் ஆகும். அனுமதி வருமுன் வகுப்பைத் தொடங்கினால் உதவியை மறந்துவிடலாம்.

5. யார்டில் கற்றே தீர வேண்டியவை

ட்ரெயிலர் பூட்டுவதைக் கற்கும்போது அவசரம் கூடாது. புதியவர்கள் கொம்பனிக்குச் செலவு வைப்பது நெடுஞ்சாலையில் குறைவு, யார்டிலும், சரக்கு ஏற்றி இறக்கும் டொக்கிலும்தான் அதிகம். ஒழுங்கு இதுதான்:

முதலில் ட்ரெயிலர் சில்லுக்குக் கட்டை போட்டிருக்கிறதா, ட்ரெயிலர் கால்களின் கீழே தரை உறுதியா என்று பாருங்கள். ஐந்தாம் சில்லின் (ட்ரெயிலரைத் தாங்கிப் பூட்டும், ட்ரக்கின் பின்னாலுள்ள தட்டு) தாடை திறந்திருக்க வேண்டும். ட்ரக்கை ட்ரெயிலருக்கு நேராக, மெதுவாகப் பின்னுக்குக் கொண்டுபோய், தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்தி இறங்கி உயரத்தைப் பாருங்கள். ட்ரெயிலரின் முன்தட்டு ஐந்தாம் சில்லைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்தால்தான் ட்ரக் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். ட்ரெயிலர் உயரமாக இருந்தால் கிங்பின் (ட்ரெயிலரின் கீழே நீட்டியிருக்கும் பூட்டு முளை) தாடைக்குள் விழாமல் மேலே வழுக்கிப் போய் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியது போலவே தெரியும். அப்படியே ஓடினால் முதல் திருப்பத்தில் ட்ரெயிலர் தனியே போகும்.

பூட்டியதும் ட்ரெயிலர் பிரேக் பிடித்திருக்கும்போதே முன்னுக்கு இரண்டு தரம் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழுத்துப் பார்த்ததே போதும் என்று விடாமல், டோர்ச் எடுத்துக்கொண்டு கீழே குனியுங்கள். முன்தட்டுக்கும் ஐந்தாம் சில்லுக்கும் இடையே வெளிச்சம் தெரியக் கூடாது. தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். பிறகுதான் காற்றுக் குழாய், மின்கம்பி, கடைசியாக ட்ரெயிலர் கால்களை முழுதாக உயர்த்துவது. அவிழ்க்கும்போது முதலில் கால்களை இறக்குங்கள், பிறகு குழாய்களைக் கழற்றுங்கள், அதன் பிறகு ஐந்தாம் சில்லின் பூட்டை விடுவியுங்கள். இந்த ஒழுங்கை மாற்றுபவர்கள்தான் ட்ரெயிலரை மூக்குக் குப்புற விழுத்துகிறார்கள்.

பின்னுக்கு எடுப்பதில் ஒரு விதிதான்: சந்தேகம் வந்தால் நிறுத்தி, பிரேக் போட்டு, இறங்கிப் பாருங்கள். பின்னால் ஹோர்ன் அடிப்பவருக்காக இதை விட வேண்டாம். ட்ரெயிலரை இடித்தால் அவர் காசு தரப்போவதில்லை.

6. வீதிப் பரீட்சை

வண்டியைச் சுற்றிப் பரிசோதித்தல், பின்னுக்கு எடுத்தல், வீதியில் ஓட்டுதல் எல்லாம் சேர்ந்தது. பலர் வீதியில் இறங்குமுன்னரே, சுற்றிப் பரிசோதிப்பதில் புள்ளி இழக்கிறார்கள். கையால் தொட்டு, வாயால் பெயர் சொல்லி, அது பழுதானால் சிறு பழுதா பெரும் பழுதா என்று சொல்ல வேண்டும். எழுத்துப் பரீட்சை முடிந்த உடனேயே ஸ்கூலிடம் வீதிப் பரீட்சைத் திகதியைப் பதியச் சொல்லுங்கள். கோடையில் காத்திருப்பு நீளும். பயிற்சி முடிந்து ஒரு மாதம் சும்மா இருந்தால் கை மறந்துவிடும், மறுபடி மணித்தியாலக் காசு கட்ட வேண்டி வரும்.

7. வேலைக்கான பத்திரங்கள்

- மூன்று வருட சாரதிப் பதிவு. சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலருக்குள் கிடைக்கும். பொதுவாக 30 நாளுக்குள் எடுத்ததைத்தான் கேட்பார்கள். ஆகவே முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள்.
- சாரதிக்கான சி.வி.ஓ.ஆர். (வர்த்தக வாகனம் ஓடியதில் உள்ள விபத்து, குற்றங்களின்) பதிவு. புதியவருக்கு அது வெறுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்பார்கள்.
- பொலிஸ் சான்று.
- மெல்ட் பயிற்சி முடித்த சான்றிதழும் மருத்துவப் படிவப் பிரதியும்.
- கடந்த வேலைகளின் விபரம். அமெரிக்க ஓட்டத்துக்கு மூன்று வருடம் கட்டாயம். வர்த்தக வாகனம் ஓடியிருந்தால் பத்து வருடம் வரை கேட்பார்கள். வேலை இல்லாத மாதங்களையும் "வேலை இல்லை" என்று எழுதுங்கள். இடைவெளியைத்தான் சந்தேகிப்பார்கள்.
- சின் இலக்கம், வங்கியின் வொயிட் செக் (செல்லாது என்று எழுதிய காசோலை), நிரந்தர வதிவிட அட்டை அல்லது வேலை அனுமதி.

8. எல்லை தாண்ட நினைத்தால்

கனடியக் குடியுரிமை உள்ளவருக்கு விசா வேண்டாம். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு நிரந்தர வதிவிடத்தில் இருப்பவர்களுக்கு அமெரிக்க பி-1 விசா வேண்டும். நேர்காணல் நாளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே ஸ்கூல் தொடங்கும் நாளிலேயே விண்ணப்பியுங்கள். அந்த விசாவில் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே மட்டும்தான் சரக்குக் கொண்டுபோகலாம். அமெரிக்காவுக்குள் ஓரிடத்தில் ஏற்றி அமெரிக்காவுக்குள்ளேயே இன்னோரிடத்தில் இறக்கக் கூடாது. ஓட்டங்களை ஒதுக்கும் டிஸ்பாச்சர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் விசா போவது உங்களுக்கு. எல்லையை விரைவாகத் தாண்ட உதவும் ஃபாஸ்ட் அட்டைக்கு 50 அமெரிக்க டொலர், ஐந்து வருடம் செல்லும்.

சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம். கனடாவில் கஞ்சா 2018 முதல் சட்டப்படி சரி என்பது இங்கே எடுபடாது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பரிசோதனையில் அது தோல்விதான். பல நாட்கள் கழித்தும் உடலில் தெரியும். பரிசோதனைக்கு மறுத்தாலும் தோல்வியாகவே பதிவாகும். சிறுநீர் வரவில்லை என்றால் நிலையத்தை விட்டு வெளியே போகாதீர்கள். மூன்று மணித்தியாலம் வரை தண்ணீர் தந்து காத்திருக்க விடுவார்கள். வெளியேறினால் அது மறுப்பு. இதோடு கிளியரிங்ஹவுஸ் என்ற, சாரதிகளின் போதைப்பொருள் பரிசோதனை முடிவுகளை வைத்திருக்கும் அமெரிக்க அரசின் இணையப் பதிவிலும் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, கொம்பனி பார்க்க அனுமதி கொடுக்க வேண்டும். லைசென்ஸ் இலக்கம் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கோப்பு நின்றுவிடும்.

2025 ஜூன் 25 முதல் இன்னொன்றும் இறுகியிருக்கிறது. அமெரிக்க வீதிப் பரிசோதனையில் ஆங்கிலத்தில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியாவிட்டால், வீதிப் பலகைகளை விளங்கிக்கொள்ள முடியாவிட்டால், அங்கேயே ஓட்டத்தை நிறுத்திவிடலாம். போனில் மொழிபெயர்ப்பு எடுபடாது. எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு, எப்போது தொடங்கினீர்கள், கடைசியாக எங்கே ஓய்வெடுத்தீர்கள் என்பதற்குத் தடங்கலில்லாமல் பதில் சொல்லப் பழகுங்கள்.

9. ஓரியென்டேஷன் நாட்கள்

இரண்டு முதல் ஐந்து நாள். இரும்பு முனைச் சப்பாத்து, ஒளிரும் மேலங்கி, கையுறை, டோர்ச் கொண்டுபோங்கள். முதல் நாளே சோதனை ஓட்டம் இருக்கும். அதில் தவறினால் அன்றே வீட்டுக்கு அனுப்பும் கொம்பனிகளும் உண்டு. தூரத்திலிருந்து போகிறவர்கள் தங்குமிடக் காசு யாருடையது என்று முதலே கேட்டு வையுங்கள்.

வகுப்பில் ஓடும் நேர விதிகளை மட்டும் தூங்காமல் கேளுங்கள். கனடாவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் ஓடலாம், 14 மணித்தியாலம் வேலையில் இருக்கலாம். கடைசி எட்டு மணித்தியால ஓய்வு முடிந்ததிலிருந்து 16 மணித்தியாலத்துக்குள் ஓட்டத்தை முடிக்க வேண்டும். அமெரிக்காவில் 11 மணித்தியால ஓட்டம், தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலம், அவ்வளவுதான். காலை ஆறுக்குத் தொடங்கினால் கனடாவில் இரவு பத்து, அமெரிக்காவில் இரவு எட்டு. நடுவில் ஒரு மணித்தியாலம் தூங்கினாலும் அமெரிக்காவின் 14 நிற்காது. எட்டு மணித்தியாலம் ஓடிய பின் 30 நிமிட இடைவேளையும் அங்கே கட்டாயம். எல்லை தாண்டும்போது இங்கே ஓடியதும் கணக்கில் சேரும். பிராம்ப்டனிலிருந்து வின்ட்ஸர் வரை நாலு மணித்தியாலம் ஓடியவருக்கு அங்கே மிச்சம் ஏழு.

இதையெல்லாம் வண்டியில் பூட்டியிருக்கும் ஈ.எல்.டி. என்ற மின்னணு நேரப் பதிவுக் கருவி பதிகிறது. சொந்தத் தேவைக்கென்று வண்டியை நகர்த்துவதற்குக் கனடாவில் நாளுக்கு 75 கிலோமீற்றர்தான், அதுவும் சரக்கும் ட்ரெயிலரும் இல்லாமல். நேரம் முடிந்ததும் அந்தப் பொத்தானை அமத்தி வீடு வந்து சேரலாம் என்று கற்றுத்தரும் பழைய சாரதிகள் நிறையப் பேர். கேட்காதீர்கள்.

நிறை பற்றியும் அங்கேயே தெளிவாகுங்கள். அமெரிக்காவில் மொத்தம் 80,000 இறாத்தல். முன் அச்சில் வழக்கமாக 12,000, ட்ரக்கின் பின் அச்சுச் சோடியில் 34,000, ட்ரெயிலர் சோடியில் 34,000. ட்ரெயிலர் சோடியில் நிறை கூடினால் அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், நிறை ட்ரக் பக்கம் போகும். அந்தச் சோடியை நகர்த்திப் பூட்டும் துளைகளுக்கு இடையே ஆறு அங்குலமானால் ஒரு துளைக்குச் சுமார் 400 இறாத்தல் மாறும். சரக்கு ஏற்றிய இடத்துக்குப் பக்கத்திலேயே தராசில் ஏற்றிப் பாருங்கள். நூறு மைல் போனபின் கண்டுபிடித்தால் திரும்பி வருவதில் வீணாவது உங்கள் நேரம்.

நாளாந்தப் பரிசோதனை 24 மணித்தியாலத்துக்குத்தான் செல்லும். அறிக்கையும் பழுதுகளின் பட்டியலும் வண்டியில் இருக்க வேண்டும். பெரும் பழுதென்றால் வண்டி நகரக் கூடாது.

10. கோச்சோடு போகும் காலம்

இதுதான் உண்மையான பயிற்சி. ஸ்கூல் பரீட்சைக்குத் தயார்ப்படுத்துகிறது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நகர டொக்கில் பின்னுக்கு எடுப்பது, பனியில் இறக்கம், எல்லையில் பத்திரங்கள், இரவில் நிறுத்த இடம் பிடிப்பது எல்லாம் இங்கேதான் வரும். சரக்கு விபரம் எல்லைக்கு வருவதற்குக் குறைந்தது ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே இணையத்தில் போயிருக்க வேண்டும். அது ஏற்கப்பட்டதா என்று பார்க்காமல் பாலத்தில் ஏறாதீர்கள்.

பெரிய பொறி இங்கே ஒன்று உண்டு. சில இடங்களில் கோச் என்பவர் இரண்டாம் நாளே பின்கட்டிலில் படுத்துவிடுவார். நீங்கள் இரவெல்லாம் தனியே ஓடுவீர்கள். இரண்டு பேர் ஓடிய மைல் முழுதும் அவர் கணக்கில் விழும். குறைந்தது முதல் இரண்டு கிழமை நீங்கள் ஓடும்போது கோச் பக்கத்து ஆசனத்தில் விழித்திருப்பாரா என்று முதலே கேளுங்கள். அப்படி இல்லையென்றால் பாதுகாப்புப் பகுதிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், டிஸ்பாச்சரிடம் வாயால் சொல்லிப் பயனில்லை.

ஒவ்வொரு நாளும் குறைந்தது ஒரு தடவை பின்னுக்கு எடுப்பதை நீங்களே செய்யக் கேளுங்கள். நேரமில்லை என்று கோச் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டால், தனியே போகும் முதல் கிழமையில் அதை நீங்கள் பழக வேண்டியிருக்கும்.

11. சம்பளமும் கையெழுத்தும்

ஓரியென்டேஷனும் வேலைதான், அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு. "பயிற்சிக்குக் காசில்லை" என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மைல் கணக்கென்றால் வரைபட மைலா உண்மையில் ஓடிய மைலா, டொக்கில் காத்திருக்கும் நேரத்துக்கு எத்தனை மணித்தியாலத்துக்குப் பின் காசு, வண்டி இடித்தால் சம்பளத்தில் வெட்டுவார்களா என்று பாருங்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி இருந்தால், தொகையும் அது மாதம் மாதம் குறையுமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

"கோப்பரேஷன் திறந்துகொண்டு வாங்கோ, கைக்கு முழுக்காசு" என்று சொல்லும் இடங்கள் உண்டு. வண்டி அவர்களுடையது, ஓட்டம் அவர்கள் சொல்வது, ஆனால் நீங்கள் மட்டும் வேறு கொம்பனி. சி.பி.பி. (ஓய்வூதியம்), ஈ.ஐ. (வேலையிழப்புக் காப்புறுதி), விடுமுறைக் காசு, வேலையில் காயம்பட்டால் டபிள்யூ.எஸ்.ஐ.பி. நட்டஈடு எதுவும் இராது. வருமான வரித் திணைக்களம் அதைத் தனிநபர் சேவைக் கொம்பனி என்று தீர்த்தால் சிறு கொம்பனிக்கான குறைந்த வரி கிடைக்காது, ஒன்ராறியோவில் 44.5 வீதம் வரை போகும். டி-4 (வேலையாளுக்கான வருடச் சம்பளச் சீட்டு) தரும் இடத்துக்கே போங்கள். வேலைக்கோ எல்.எம்.ஐ.ஏ.வுக்கோ (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கக் கொம்பனி பெறும் அரச மதிப்பீடு) வெளிநாட்டவரிடம் காசு வாங்குவது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். கேட்டவருடைய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

சம்பளம் பிடித்துவைத்தால், மாகாணம் அல்லது நாடு தாண்டி ஓடும் கொம்பனி மீது மத்திய அரசின் தொழில் திட்டத்திலும், ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடும் கொம்பனி மீது மாகாணத் தொழில் அமைச்சிலும் முறையிட வேண்டும். முறைப்பாட்டுக்குக் கட்டணமில்லை. ஈ.எல்.டி. பதிவின் பிரதி, டிஸ்பாச் செய்திகள், சரக்குப் பத்திரங்களின் படம் மூன்றும் கையில் இருந்தால் போதும். வேலையை விட்ட பிறகு கொம்பனியின் செயலிக்குள் போக முடியாது. ஆகவே ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அவற்றை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.